மெத்தையும் பலகையும்

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்கு இரண்டு கார்களும் லாரியிலிருந்து இறங்கின. ஒன்று கறுப்பு சொகுசு செடான். நல்ல நீளம், கதவைச் சாத்தினால் வெளியே இடி இடித்தாலும் கேட்காது. இன்னொன்று சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கிறது. அதில் யாரும் ஏற முடியாது, உள்ளே விழத்தான் வேண்டும். தணிகைவேல் அண்ணன் இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பெயர் வைத்துவிட்டார். கறுப்பு, மெத்தை. சிவப்பு, பலகை.

எங்கள் கம்பெனி கார்களுக்கு ஷாக் அப்சார்பர் செய்கிறது. புனேயில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரே ஆசை, பலகையில் தினமும் ஆபீஸ் போகிறவனுக்கு இடுப்பு வலிக்கக் கூடாது. மெத்தைக்குப் பத்துக்கு ஒன்பது என்றால் பலகைக்கு ஏழரையாவது வர வேண்டும். அந்த மார்க்கைப் போடுவது நான். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு: ஓட்டுவது, குலுக்கலை உடம்பில் வாங்குவது, பத்துக்கு இத்தனை என்று எழுதுவது. இன்னொரு மார்க் தணிகை அண்ணன் போடுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் செல்லும்.

மெஷினும் உண்டு. சீட்டில் போட்டு அதன்மேல் உட்காரும் வட்டமான ரப்பர் தட்டு. பார்க்கத் தோசை மாதிரி இருப்பதால் அதன் பெயர் தோசை. குலுக்கலை எண்ணாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும். தோசைக்கும் எனக்கும் சண்டை வந்தால் தோசையைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். மூன்று தடவை அப்படி நடந்திருக்கிறது, மூன்று தடவையும் தோசைதான் கெட்டுப்போயிருந்தது. எங்கள் தலைவி வசுந்தரா மேடம் விருந்தாளிகளிடம் என்னைக் காட்டி, "எங்க லூர்துமேரியோட முதுகு பொய் சொல்லாது" என்பார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது?

மாலை வீட்டுப் படி ஏறி வந்தபோது இவர் கதவைத் திறந்துவிட்டு என் காலையே பார்த்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் இருதயராஜ், படப்பையில் கணக்கு வாத்தியார். எதையும் எண்ணிப் பார்க்காமல் விட மாட்டார்.

"ஏ பிள்ள, ஒத்தச் செருப்போட வார?"

குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு கீழே கேட்டுக்கு வெளியே கிடந்தது. வார் தளர்ந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. புதுசு வாங்க வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

முதல் ஒப்பீடு. கல் பாவிய பாதை, சிமென்ட் பாளப் பாதை, வேகத்தடை வரிசை, வளைவு, எல்லாவற்றிலும் இரண்டு காரையும் ஐந்தைந்து தடவை ஓட்டினேன்.

மெத்தை பள்ளத்தை விழுங்கிவிடுகிறது. ஆனால் மேடு தாண்டிய பிறகும் இரண்டு தடவை மிதக்கிறது, பின் சீட்டுக்காரருக்கு வயிற்றைப் பிரட்டும். ஊர் உலகம் இதைத்தான் சொகுசு என்கிறது. பலகையில் மிதப்பே கிடையாது. அடித்தால் ஒரே அடி, அதோடு முடிந்தது. எனக்கு எப்போதுமே பலகை ஜாதிக் கார்கள்தான் பிடிக்கும், முகத்துக்கு நேரே பேசுகிற மனுஷர்களைப் பிடிப்பது போல.

ஆனால் இந்தப் பலகை அடிக்கவே இல்லை. கல் பாதையில் அறுபதில் போனேன், நெற்றியும் தாடையும் ஆடுகின்றன, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. சீட் அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறான் வெள்ளைக்காரன். மெத்தை ஒன்பது, பலகை ஏழரை என்று எழுதினேன். அண்ணன் ஏழு எழுதினார். அவர் எப்போதும் என்னைவிட அரை மார்க் குறைவு, கஞ்சன்.

தோசை மட்டும் ஐந்துக்குத் தக்க குலுக்கல் என்கிறது. வசுந்தரா மேடம் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோசையக் கழட்டுங்க" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

திருப்பலியில் ஃபாதர் எல்லாரையும் கண்ணை மூடிச் செபிக்கச் சொன்னார். மூடினேன். கோயில் தரை இடப்பக்கம் சரிந்தது. முன் பெஞ்சை எட்டிப் பிடிக்காவிட்டால் பக்கத்திலிருந்த அம்மாள் மேல் விழுந்திருப்பேன். கண்ணைத் திறந்தால் தரை அதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது.

நன்மை அப்பம் வாங்க வேண்டுமென்று வெறும் வயிற்றோடு போயிருந்தேன். அந்த மயக்கம்தான். அப்புறம் பூசை முடியும் வரை கண்ணைத் திறந்துகொண்டே செபித்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

புதுத் தோசை வந்தது. அதுவும் ஐந்துதான் என்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

தோசையில் குறை இல்லையாம், கேபிளில்தான் குறையாம். கேபிளை மாற்றினார்கள். அதுவும் இல்லையென்றதும் லேப்டாப்பை மாற்றினார்கள். நான் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளர் சுடுகிறதா என்று பக்கத்து மேசைக்காரியைக் கேட்டேன். "என்னக்கா, கையில வெச்சுக்கிட்டு என்னைக் கேக்கறீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மதியம் மேடம் தானே பலகையில் உட்கார்ந்து கல் பாதையில் ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பல்லே ஆடிடுச்சு லூர்து. ஆனா நமக்கு இதுல பழக்கம் இல்லையே. நீ ஏழரைன்னா ஏழரைதான்."

அதோடு விடவில்லை. சொகுசு ஏழரை இருக்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்து வளைவில் பிடிப்பை ஏற்றலாம் என்று ஷாக்கின் திருகை இரண்டு கிளிக் இறுக்கச் சொல்லிவிட்டார். என் வாயில் வார்த்தை வந்தது. மேடம், ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சர்க்கரையாக இருக்குமோ என்று நேற்று ரத்தம் கொடுத்திருந்தேன். இல்லை, தொண்ணூற்றாறு. சந்தோஷப்பட வேண்டியதுதானே? சர்க்கரை என்றால் மாத்திரை போட்டுச் சமாளித்திருக்கலாம்.

முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் குளியலறைச் சுவர் நகர்கிறது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுவக் கற்றுக்கொண்டேன். தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் குதிகால் வரை சுரீர் என்று கரண்ட் ஓடுகிறது. ஆக, குனியாமல் இருக்கிறேன். கம்பெனிச் சட்டைக்குப் பொத்தான் போட இன்று பத்து நிமிஷம் ஆனது. இவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"கொண்டா, நான் போட்டுவிடுதேன்."

"ஞாயித்துக்கிழம எதுக்குச் சட்ட? சும்மா அளவு பாக்கேன். போங்க அங்கிட்டு."

"லூர்து, என்ன செய்யுது ஒனக்கு?"

"ஒண்ணும் செய்யல."

போனார். போனவர் தோசை சுட்டு, அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் சண்டை போட்டேன். நான் என்ன குழந்தையா என்று கத்தினேன். அப்புறம் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

இந்த வாரம் முழுக்க மெத்தையை நானே கேட்டு வாங்கி ஓட்டுகிறேன். அதில் எதுவும் தெரியவில்லை என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அதற்குத்தான் அவ்வளவு விலை. அதில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு நோயும் இல்லை.

பலகைக்கு மாறினால்தான் உடம்பெல்லாம் வியர்க்கிறது. அதுவும் மெத்தை மாதிரியே இருக்கிறது. இரண்டு கிளிக் இறுக்கிய பிறகும் மெத்தை மாதிரியே இருக்கிறது. என் உடம்பு கைவிட்ட பிறகு கண்ணால் பார்த்து மார்க் போடக் கற்றுக்கொண்டேன். கண்ணாடி நடுங்குகிறதா, தண்ணீர் பாட்டில் குதிக்கிறதா, அண்ணனின் கன்னம் ஆடுகிறதா என்று பார்க்கிறேன். இன்று கல் பாதையில் அவர் கன்னமும் தாடையும் காதும் சேர்ந்து ஆடின. நாலு மார்க்குக்கு மேல் தகாது. எழுதப்போகும்போது கை நின்றது. இரண்டு வாரம் முன்னால் ஏழரை போட்டவள் இன்று எப்படி நாலு போடுவேன்? ஏழு என்று எழுதினேன். அண்ணன் ஆறரை எழுதினார்.

அந்த ஆறரையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இரண்டாவது உடம்பும் அதையேதான் சொல்கிறது என்றால் என் உடம்பில் பெரிய குறை இருக்காது. இதை இரண்டு தடவை எழுதிப் பார்க்கிறேன். இருக்காது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. என்ன நடந்தது என்பதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஷெட்டில் எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஸ்பானருக்கு, லேப்டாப்புக்கு, தோசைக்கு. கடைசியில் அண்ணன் கிண்ணத்தோடு என்னிடம் வந்து, "லூர்தம்மா, இங்க இருக்கறதுலயே பெரிய கருவி நீதான். உனுக்கு வெக்காம எப்படி?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வேதக்காரி என்று அவருக்குத் தெரியும், அதனால் என் நெற்றியில் வைக்காமல் நான் உட்காரும் நாற்காலியின் முதுகில் வைத்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு கார்களை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டும். மெத்தையை ஏற்றியாயிற்று. பலகையை நான் எடுத்தேன். முன் சக்கரத்தடியிலிருந்து பழம் உருண்டுவிட்டது என்று அண்ணன் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தார். நான் பிரேக்கில் கால் வைத்திருந்தேன்.

பிரேக்கில் வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் பாய்ந்தது. அண்ணன் எப்படி ஒதுங்கினார் என்று தெரியவில்லை. வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்று முறிந்து, பூஜைத் தட்டு பறந்து, பொரி சிதறி, கார் தூணுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அதை நான் நிறுத்தவில்லை. குனிந்து, கண்ணால் பார்த்து, கையால் முழங்காலைத் தூக்கி, காலைப் பிரேக்கில் கொண்டுபோய் வைத்தேன். அதற்குள் கார் தானாகவே தூணைக் கண்டு நின்றுவிட்டிருந்தது.

"அம்மாவுக்கு இன்னா அவசரம்! லீவுன்னா அவ்ளோ ஆசையா?" என்று யாரோ கத்த, ஷெட்டே சிரித்தது. அண்ணன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலருகே வந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கால்களைப் பார்த்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு இரண்டு பெண்கள். ஒரு அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் செத்திருப்பார். நான் கொன்றிருப்பேன்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. அண்ணன் நாலு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

புனேக்காரர் குல்கர்னி வந்துவிட்டார். ஒல்லியாக, மரியாதையாக, இடுப்பில் பெல்ட் கட்டிய மனிதர். பலகையில் ஒரு சுற்றுப் போய்விட்டு, கொஞ்சம் கடினமாக இருக்கிறதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மெஷினும் அப்படித்தானே சொல்கிறது என்றார். மேடத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க லூர்து யாருன்னு காட்டறேன்" என்று சொல்லி விரல் பரீட்சைக்கு ஏற்பாடு செய்தார்.

விரல் பரீட்சை என்பது புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நாங்கள் வைப்பது. கண்ணைக் கட்டி, காதை அடைத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துச் சிமென்ட் பாளப் பாதையில் மெதுவாக ஓட்டுவோம். பாளத்துக்குப் பாளம் இருக்கும் இணைப்பை உடம்பு உணரும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு இணைப்பு. புதியவர்கள் பதினைந்து பிடிப்பார்கள். பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒன்றைக்கூட விட்டதில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தலைவலி என்றாவது சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்! போய் உட்கார்ந்தேன். அண்ணன் ஓட்டினார். மேடமும் குல்கர்னியும் மெத்தையில் பக்கவாட்டிலேயே வந்தார்கள், என் விரலைப் பார்க்க.

கண்ணைக் கட்டியதும் எனக்கு உடம்பே இல்லாமல் போயிற்று. கார் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது என் வலது முழங்கைக்கு மேலே ஒரு இடி. யாரோ முழங்கையால் மெல்ல இடித்த மாதிரி. மறுபடி ஒன்று. சீரான இடைவெளியில் இன்னொன்று. அங்கே மட்டும் எனக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது. நாலாவது இடிக்குத்தான் புரிந்தது. விரலைத் தூக்கினேன். அதற்கப்புறம் ஒன்றைக்கூட விடவில்லை.

கட்டை அவிழ்த்தபோது குல்கர்னி கைகூப்பினார். பத்தொன்பது பிடித்தேனாம், முதல் மூன்றும் தயாராவதற்குள் போயிருக்கும் என்று மேடமே காரணம் சொல்லிவிட்டார். ஷாக் அப்படியே இருக்கட்டும், புதன்கிழமை வேகத் தடத்தில் கடைசி ஓட்டம், முடிந்ததும் கையெழுத்து என்று பேசிக்கொண்டார்கள். வேகத் தடம் என்றால் நூற்றி நாற்பது. ஓட்டுவது நான். பக்கத்தில் லேப்டாப்போடு அண்ணன்.

தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பிடித்தேன்.

"எதுக்குண்ணே இடிச்சீங்க?"

"இன்னா இடிச்சேன்? கியர் போடசொல்ல கை பட்டிருக்கும்."

பலகையில் கியர் போடும் வேலையே கிடையாது, அது ஆட்டோமேட்டிக். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

இரண்டு கால்விரல்களுக்கு நடுவே சாவியைச் செருகிப் பார்த்தேன். கண்ணை மூடினால் சாவி இல்லை. திறந்தால் இருக்கிறது. காலையிலிருந்து இதையே செய்துகொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

தடத்தின் ஆரம்பத்தில் பலகையை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். எண்ணூறு மீட்டர் போய், மஞ்சள் போர்டு வந்ததும் பிரேக் அடிக்க வேண்டும். அதற்கு அப்பால் மண் மேடு. மேடமும் குல்கர்னியும் குடையின் கீழே நின்றிருந்தார்கள்.

"பெல்ட் போட்டீங்களாண்ணே?"

"போட்டேன்மா. நீ ஓட்டசொல்ல எனுக்கு இன்னா பயம்?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் லேப்டாப்பில் இருக்க வேண்டிய அவர் வலது கை நடுவே இருக்கும் ஹேண்ட்பிரேக் பொத்தானின் மேல் இருந்தது. விரல் அதை அமுக்கத் தயாராக இருந்தது. இந்த மனுஷன் எல்லாம் தெரிந்தே ஏறி உட்கார்ந்திருக்கிறார். நூற்றி நாற்பதில் அந்தப் பொத்தானால் ஒரு மண்ணும் ஆகாது என்றும் அவருக்குத் தெரியும்.

"எறங்குங்கண்ணே."

"லூர்தம்மா..."

"எறங்குங்கன்னு சொல்லுதேன்ல!"

வண்டியை அணைத்தேன். இறங்கி, கதவைப் பிடித்து, காரைப் பிடித்து, பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் காலையே பார்த்துக்கொண்டு நடந்து குடையிடம் போனேன். "மேடம், தோசை சரியாத்தான் இருக்கு. கேபிளும் சரி, லேப்டாப்பும் சரி. நான்தான் கெட்டுப்போயிட்டேன். எனக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல. ஒரு மாசமா நான் போட்ட மார்க் எல்லாம் பொய்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "டென்ஷன்ல பேசற லூர்து. முந்தாநாள் பத்தொன்பது பிடிச்சியே. வேணும்னா இன்னொரு கேபிள் போட்டுப் பாக்கலாம்" என்றார்.

அண்ணன் முன்னால் வந்தார். "அது நான் இடிச்சது மேடம்" என்றார். அதோடு நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "என் மார்க்கும் என்னுது இல்ல. பன்னெண்டு வருஷமா இந்தம்மா ஷீட்ட எட்டிப் பார்த்து அரை மார்க் கொறச்சி எழுதறேன். இவங்க சொன்னா கரெக்டா இருக்கும்னு" என்றார்.

நான் பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டாவது உடம்பும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன், எல்லார் முன்னாலும், மூக்கு ஒழுக.

யாரோ குல்கர்னிக்கு விஷயத்தைச் சொன்னார்கள். திங்கட்கிழமையிலிருந்து தன் இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலிப்பதாகவும், இவ்வளவு பெரிய நிபுணர் சொல்லும்போது தன் வலியை எப்படி நம்புவது என்று பேசாமல் இருந்ததாகவும் அவர் சொன்னார். மேடம் பலகையின் சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

இவரிடம் மாலையில் சொன்னேன். "தெரியும் பிள்ள. நீயாச் சொல்லணும்னு இருந்தேன்" என்றார். இத்தனை நாள் ஏன் இருந்தீர்கள் என்று அவரையும் திட்டினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நரம்பு டாக்டர். இளைஞர், அவசரப்படாதவர். படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, காலில் ஊசியால் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும் என்றார். கண்ணை மூடிக் காத்திருந்தேன். ரொம்ப நேரமாக ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரம்பிங்க டாக்டர்."

"முடிச்சுட்டேன்மா."

ஸ்கேனில் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறது. வேலையால் வந்ததா என்று கேட்டேன். அப்படியும் இருக்கலாம், வேலையே செய்யாதவர்களுக்கும் வரும் என்றார். திங்கட்கிழமை ஆபரேஷன். போனது திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது, மேலே போகாமல் நிறுத்தலாம் என்றார். அதுவரை கழுத்துப் பட்டை. விழக் கூடாது, குனியக் கூடாது, பெரிய குலுக்கல் ஆகவே ஆகாது.

"பெரிய குலுக்கல்னா என்ன ஆகும் டாக்டர்?" இவர் கேட்டார்.

"கை காலு மொத்தமாப் போயிடலாம் சார்."

பன்னிரண்டு வருஷம் குலுக்கலுக்கு மார்க் போட்டவளிடம் இதைச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

இதை நான் சொல்ல இவர் எழுதுகிறார். என் கை பேனாவைப் பிடிக்கவில்லை. இவர் கையெழுத்து கரும்பலகைக் கையெழுத்து, ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் வருகிறது. சுருக்கி எழுதுங்க என்றால் கேட்பதில்லை.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அது வேனில் கட்டிலைப் போட்டது, ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும். மேடத்துக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "மெத்தை வருது" என்றார்.

காலை ஆறரைக்கு அண்ணன் வந்தார். சீட்டைச் சாய்த்து, தலைக்கு இருபக்கமும் தலையணை அடைத்து, என்னை இருவருமாகக் கிடத்தினார்கள். படப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஆனது. பின்னால் வந்த பஸ்காரன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேகத்தடை வந்தால் நிறுத்தி, இவரை இறங்கி முன்னால் போய்ப் பார்க்கச் சொல்லி, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். கழுத்து நனைய வியர்த்துக்கொண்டிருந்தார், ஏசி ஓடியும்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயம். ஏதோ ஒரு பள்ளத்தில் எல்லாம் முடிந்துபோய், முடிந்ததுகூடத் தெரியாமல் நான் படுத்திருக்கலாம். கூரையைப் பார்த்தபடி கால் கட்டைவிரலை ஆட்டினேன். ஆடுகிறதா, ஆடுகிறதா என்று இவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆடுது, ஆடுது என்று இவரும் சொல்லிக்கொண்டே வந்தார்.

வண்டலூர்ப் பாலத்தில் அண்ணன் பதறிப்போய், "லூர்தம்மா, இப்ப எப்படி இருந்துச்சு?" என்றார்.

"தெரியலண்ணே. நீங்கதான் சொல்லணும்."

பாலத்தைவிட்டு இறங்கினார். பிறகு, "ஆறு. இணைப்புல ஒரு தட்டுத் தட்டிச்சு. அதுக்கு முன்ன வரைக்கும் எட்டு" என்றார்.

"யாரோட மார்க்கு?"

"என்னுதுதான்மா. என் முதுகு மேல சத்தியமா."

அதற்கப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சத்தமாக மார்க் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஏழு. எட்டு. எட்டரை. ஒரு இடத்தில், நாலு, மன்னிச்சுக்கோம்மா என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன், அந்த மூன்று மணி நேரமும் அது ஒன்றுதான் எனக்குத் துணை.

இப்போது ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கிறேன். கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப்போவேன் என்று பயமில்லை. இப்படியே, எதுவும் தெரியாமல் இருந்துவிடுவேனோ என்றுதான்.

இவர் வலது கையால் இதை எழுதிக்கொண்டு இடது கையால் என் கையைப் பிடித்திருக்கிறார். பிடித்திருப்பது தெரியுதா பிள்ள என்று கேட்கிறார். தெரியவில்லை என்று எழுதுங்க என்றேன். எழுத மாட்டேன் என்றார். நான் இனிமேல் பொய் மார்க் போட மாட்டேன், உள்ளதை எழுதுங்க என்றேன். ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெரியவில்லை.